மலையாண்டிக்கு எதிராளி பார்த்த கதை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது ஞானசௌந்தரி அக்கா. என் கடைசி மகள் பால்குடி மறந்த வருஷம், கோயில் அசன விருந்துக்கு நாங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கண்ணைத் துடைத்துத் துடைத்து அக்கா சொன்னதை, என்னால் முடிந்த மட்டும் அப்படியே சொல்கிறேன்.

நாவல்காட்டில் ஒரு சேற்றுக்குளம். அதில் தலையும் முதுகும் மட்டும் வெளியே தெரிய ஒரு காட்டெருமை கிடந்தான். பெயர் மலையாண்டி. அவன் முதுகில் ஒரு உண்ணிக்கொக்கு நின்றாள். பெயர் வெள்ளச்சி.

மலையாண்டி லேசுப்பட்டவன் இல்லை. உப்புத்திடலில் ஆறு வருஷம் தோற்காதவன். உப்புத்திடல் என்பது மிருகங்கள் எல்லாம் உப்பு நக்க வருகிற வெட்டவெளி. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அங்கே மோதல் நடக்கும். கனத்த மிருகங்கள் இரண்டு தலையோடு தலை கொடுத்துத் தள்ளும். சுற்றிலும் கல்வரிசை. எதிராளியைக் கல்லுக்கு வெளியே தள்ளியவன் ஜெயித்தான். அவ்வளவுதான் சட்டம்.

இல்லை, இன்னொன்றும் உண்டு. அடுத்தடுத்து இரண்டு தடவை வெளியே போனவன், அப்புறம் ஆயுசுக்கும் திடலில் கால் வைக்கக் கூடாது.

போன வருஷம் மலையாண்டி, குன்றுடையான் என்ற யானையிடம் ஒரு தடவை வெளியே போய்விட்டான். சும்மா போகவில்லை. கல்லைத் தாண்டிப் பாறையில் உருண்டு விழுந்தான். அன்றிலிருந்து திடல் பக்கம் தலைகாட்டவில்லை. இப்போதுதான் மறுபடி இறங்கலாம் என்று பார்க்கிறான். இதிலும் தோற்றால் அதோடு சரி.

யாரோடு மோதுவது என்று முடிவு செய்ய வேண்டியவள் வெள்ளச்சி. அந்தக் காட்டு வழக்கம் அது. முதுகில் உட்காரும் பறவைதான் எதிராளியைப் பார்க்க வேண்டும். பார்த்து, ஒரு சிவப்புப் புரசம்பூவைக் கவ்விக்கொண்டு போய் அவர் காலடியில் போட வேண்டும். விழுந்த பூவைத் திருப்பி எடுக்க முடியாது. மோதல் எப்போது என்று நாள் குறிப்பது பூவை வாங்கியவர் பொறுப்பு.

"பொண்ணு பாக்கிறதுகூட இதைவிட லேசு, ஆண்டவரே!" என்று வெள்ளச்சி பெருமூச்சு விட்டாள்.

அப்போது தோகையப்பன் வந்தான். அவன் ஒரு ஆண்மயில். மோதலுக்கு முன்னால் திடலில் ஆடுவது அவன்தான். கூட்டம் எவ்வளவு பெரிசோ அவன் ஆட்டமும் அவ்வளவு பெரிசு.

"மாப்பிள மலையாண்டி! நாளைக்குப் பௌர்ணமி! மறுநாள் திடலில் யாரு? நீயும் குன்றுடையானும்! சொல்லும்போதே எனக்குச் சிலிர்க்குது பாரு!"

"அதெல்லாம் அவசரப்படாதீங்க அண்ணாச்சி" என்றாள் வெள்ளச்சி.

குளக்கரையிலிருந்து ஒரு ஆமை கழுத்தை நீட்டியது. "அதானே! பல்லு போன பன்றி ஒருத்தன் இருக்கானே, பூதன். அவனைப் பிடியுங்க. ஊதினாலே வெளியே போயிருவான். ஜெயிச்ச மாதிரியும் ஆச்சு, மேலு நோகாத மாதிரியும் ஆச்சு!"

மலையாண்டிக்குச் சுருக்கென்றது. "பூதனை ஜெயிச்சா என் கொம்பே என்னைப் பாத்துச் சிரிக்கும்!"

"எதுக்கும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வாரேன்" என்று வெள்ளச்சி பறந்தாள். அக்காமாருக்கு எல்லா வழியையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

பூதன் ஒரு புதரடியில் படுத்துக் கிழங்கை ஈறால் மென்றுகொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் வாயெல்லாம் சிரிப்பு.

"மோதணுமா? எதுக்குத்தாயி அவனுக்குச் சிரமம்? நானே உருண்டு வெளியே போயிருதேன். நாலு கிழங்கு மட்டும் தோண்டிக் குடுக்கச் சொல்லு!"

வெள்ளச்சிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கவலையும் வந்தது. இவனை ஜெயித்துவிட்டு மலையாண்டி நெஞ்சை நிமிர்த்துவான். அடுத்த மாதம் நிஜமான ஒருவன் வந்து நிற்பான். அப்போது?

திரும்பும் வழியில் சருகன் என்ற கடமான் கண்ணில் பட்டான். ஆள் நல்ல கனம். மரம் ஒன்றை நெற்றியால் நிதானமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். கொம்பு புதிதாக முளைத்து, மேலே வெல்வெட் மாதிரி தோல் மூடியிருந்தது. அதனால் கொம்பு மரத்தில் படாமல் பார்த்துக்கொண்டான்.

"கும்பிடுதேன் வெள்ளச்சியக்கா" என்றான். தள்ளுவதை நிறுத்தவில்லை.

இவன் தலைக்குத் தலைதான் கொடுப்பான், காலை வாரமாட்டான் என்று வெள்ளச்சி கேள்விப்பட்டிருக்கிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டு குளத்துக்குத் திரும்பினாள்.

"சருகன் எப்படி, தம்பி?"

"மானா!" மலையாண்டி மூக்கால் சேற்றை ஊதினான். "ஆறு வருஷம் நின்னவன் நான். மானோட போய் நிக்கவா? எனக்குக் குன்றுடையான்தான் வேணும். தோத்த இடத்துலதான் ஜெயிக்கணும்!"

"அப்படிப் போடு!" என்று மயில் குதித்தான்.

"உனக்கு உடம்பு எப்படி இருக்கு? அதைச் சொல்லு" என்றாள் வெள்ளச்சி.

"கல்லு மாதிரி இருக்கு! வேணும்னா பாரேன்!"

வெள்ளச்சி பார்த்தாள். உண்ணி பொறுக்குகிற அலகு அது. எங்கே கொத்தினால் தோல் எப்படித் துடிக்கும் என்று அதற்குத் தெரியும். கழுத்தைக் கொத்தினாள். கழுத்து கெட்டி. திமிலைக் கொத்தினாள். திமிலும் கெட்டி. முதுகு முழுக்கப் பார்த்துவிட்டாள். கால் நான்கும் சேற்றுக்குள் இருந்தன. இருபது நாளாகவே அவள் வரும்போதெல்லாம் அவன் சேற்றில்தான் கிடந்தான். வெயிலுக்குக் கிடக்கிறான் என்று நினைத்தாள். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள்.

"சரி தம்பி. உன் இஷ்டம்" என்றாள்.

மறுநாள் காலை புரசமரத்தில் நல்ல பூவாக ஒன்று பறித்தாள். அலகில் கவ்விக்கொண்டு உப்புத்திடலுக்குப் பறந்தாள். திடலில் காடே கூடியிருந்தது. மயில் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். நடுவில் குன்றுடையான் நின்றான். அவனுக்கு எதிரே ஒரு கல்லில் வெள்ளச்சி இறங்கினாள்.

"வா வெள்ளச்சி! பூ எனக்கா?" யானை குரலில் கோபம் இல்லை. விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டான். "போடு! நாளைக் காலையிலேயே வெச்சிக்குவோம்!"

அவள் அலகைத் திறக்கப் போனாள். அந்த நேரம் மலையாண்டி திடலுக்கு ஏறி வந்தான். ஏறுகிற இடத்தில் ஒரு கல்படி உண்டு. வரும் வழியெல்லாம் வெயில். காலில் இருந்த சேறு காய்ந்து ஓடாகியிருந்தது. படியில் காலை ஊன்றியதும் சேறு பொலபொலவென்று உதிர்ந்தது.

வலது முன்னங்காலில் முழங்கால் விளாங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

மலையாண்டி சட்டென்று இடது காலை முன்னால் வைத்து மறைத்துக்கொண்டான். வேறு யாரும் பார்க்கவில்லை. வெள்ளச்சி பார்த்துவிட்டாள்.

நாளைக்கு இந்தக் காலோடு யானை முன்னால் நின்றால் ஒரே தள்ளு! திடலும் போச்சு, காலும் போச்சு.

'வேண்டாம்' என்று கத்தலாம். கத்தினால் பூ விழுந்துவிடும். விழுந்தால் எடுக்க முடியாது. அவள் அலகை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"போடு, வெள்ளச்சி!" என்றது கூட்டம்.

வெள்ளச்சி அசையவில்லை.

"என்ன, மதினி மௌன விரதமா?" என்று ஒரு குரங்கு கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

"அட, வாயைத் திறந்துதான் சொல்லேன்!" என்றான் யானை.

வெள்ளச்சி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அது 'ஆமாம்' என்கிறதா 'இல்லை' என்கிறதா என்று யாருக்கும் விளங்கவில்லை.

தோகையப்பனுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு கூட்டத்தைச் சேர்த்தாயிற்று. தோகையும் பாதி விரித்தாயிற்று. கொக்கை வாய் திறக்க வைக்க என்ன வழி? பக்கத்துப் புல்லைக் காலால் ஓங்கி உதைத்தான். கொழுத்த பச்சை வெட்டுக்கிளி ஒன்று துள்ளி, வெள்ளச்சியின் மூக்குக்கு நேரே வந்து உட்கார்ந்தது.

ஐயோ பாவம்! காலையிலிருந்து அவள் ஒன்றும் தின்னவில்லை. கொக்குக்கு வெட்டுக்கிளியைக் கண்டால் அலகு தானாகத் திறக்கும். அது பிறவிக் குணம். வெட்டுக்கிளி மீசையை ஆட்டியது. வெள்ளச்சியின் தொண்டை ஏறி இறங்கியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். 'ஆண்டவரே, இந்த ஒரு நிமிஷம் என் வாயைக் காத்தருளும்' என்று மனதுக்குள் சொன்னாள். அந்த இருட்டுக்குள் சருகனின் கொம்பு ஞாபகம் வந்தது. தோல் மூடிய கொம்பு. பச்சைக் கொம்பு.

கண்ணைத் திறந்தாள். சிறகை விரித்தாள். வெட்டுக்கிளியைத் தாண்டி, யானையைத் தாண்டி, திடலின் ஓரத்துக்குப் பறந்தாள். அங்கே சருகன் தன்பாட்டுக்கு உப்பு நக்கிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் பூவைப் போட்டாள்.

கூட்டம் "ஓ!" என்றது. பிறகு சிரிப்பு கிளம்பியது. "மானு! மானு! எருமைக்கு மானு!"

தோகையப்பன் தோகையை மடக்கிக்கொண்டான். "எல்லாத்தையும் கெடுத்தியே, மகராசி!"

சருகன் பூவைப் பார்த்தான். பிறகு மலையாண்டியைப் பார்த்தான்.

"எனக்குச் சம்மதம்" என்றான். "ஆனா என் கொம்பு இன்னும் தோலுரியல. இப்ப இடிச்சா ரத்தம் வரும். ரெண்டு பௌர்ணமி கழியட்டும். மூணாவதுக்கு மறுநாள் வெச்சிக்குவோம்."

"ஸ்தோத்திரம்!" என்றாள் வெள்ளச்சி. எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

மலையாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக நடந்தான். நாவல்மர நிழலுக்கு வந்ததும் வெடித்தான்.

"என் மானத்தை வாங்கிட்டியேக்கா! குன்றுடையான் முன்னால என்னைச் சின்னவனாக்கிட்டியே!"

"முழங்காலைக் காட்டு" என்றாள் வெள்ளச்சி.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"காட்டு, தம்பி."

இடது காலை மெல்ல நகர்த்தினான். வெள்ளச்சி குனிந்து அலகு நுனியால் தொட்டாள். அந்த மலை போன்ற உடம்பு முழுதும் நடுங்கியது.

"எத்தனை நாளா?"

"விழுந்த நாள்லேருந்து. நடுவுல கொறஞ்சுது. மறுபடி வந்துருச்சு."

"ஏம்ல எங்கிட்ட சொல்லல?"

மலையாண்டி தரையைப் பார்த்தான். "கால் சரியில்லன்னு தெரிஞ்சா நீ வேற முதுகுக்குப் போயிருவியோன்னு பயமா இருந்துச்சு."

வெள்ளச்சிக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அவன் காதில் நறுக்கென்று ஒரு கொத்துக் கொத்தினாள்.

"கூறுகெட்டவனே! நான் உன் முதுகுக்கு வந்தது நீ ஜெயிச்சப்பவா? கன்னுக்குட்டியா ஈ மொய்ச்சுக் கிடந்தப்ப வந்தவ நான்! எம் மேலயும் தப்பு இருக்கு. முதுகைப் பார்த்துட்டுக் காலைப் பார்க்காம விட்டேன். போகட்டும். இனிமே சேறு கிடையாது. ஓடைத் தண்ணிதான்!"

மலையாண்டி மூச்சை விட்டான். ஒரு வருஷமாக உள்ளே அடைத்து வைத்திருந்த மூச்சு அது. மரத்தில் இருந்த காய்ந்த இலைகூட உதிர்ந்தது.

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் ஓடைத் தண்ணீரில் நடந்தான். முதலில் நூறு அடி. அப்புறம் ஆற்றுத் திருப்பம் வரைக்கும். வெள்ளச்சி தினமும் முழங்காலைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பாள். விளாங்காய் எலுமிச்சை ஆனது. எலுமிச்சை நெல்லிக்காய் ஆனது. ஒரு நாள் ஒன்றுமே இல்லை.

மூன்றாம் பௌர்ணமிக்கு மறுநாள் திடலில் பாதிக் கூட்டம்தான். மயில் ஏனோதானோ என்று ஆடிவிட்டு ஒதுங்கினான். சருகனின் கொம்பு தோலுரிந்து பளபளத்தது.

தலையோடு தலை சேர்ந்தது. மான்தானே என்று சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். சருகன் பாயவில்லை, உதறவில்லை. மரத்தைத் தள்ளுகிற மாதிரி விடாமல் தள்ளினான். மலையாண்டி ஒரு அடி பின்னால் போனான். இரண்டு அடி. குதிகாலில் கல்வரிசை உரசியது.

வெள்ளச்சியால் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மலையாண்டி வலது காலை ஊன்றினான். முழுக் கனமும் அதன் மேல் இறங்கியது.

கால் நின்றது.

அவன் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. இன்னும் கொஞ்சம் ஊன்றினான். அப்போதும் நின்றது. பிறகு ஒவ்வொரு அடியாக, அவசரம் இல்லாமல், சருகனை இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்வரை தள்ளிக்கொண்டு போனான். வெயில் உச்சிக்கு வந்தபோது சருகனின் பின்னங்கால் கல்லுக்கு வெளியே விழுந்தது.

"அருமையான தள்ளு, அண்ணே!" என்றான் சருகன், மூச்சு வாங்க.

"நீ மட்டும் என்னவாம்? என் உசிரையே எடுத்துட்டியே!" என்றான் மலையாண்டி. இருவரும் சிரித்தார்கள்.

ஓரத்தில் நின்ற குன்றுடையான் காதை ஆட்டினான். "இவன் மறுபடி வந்துட்டான். என்ன வெள்ளச்சி, அடுத்த பூ எனக்குத்தானே?"

மலையாண்டி திரும்பி வெள்ளச்சியைப் பார்த்தான்.

"பாப்போம்ணே" என்றாள் வெள்ளச்சி. "மொதல்ல நாங்க தண்ணி குடிச்சிட்டு வாரோம்."

விழுந்து எழுந்தவனுக்கு ஊர் ஆசைப்படுகிற எதிராளியும் ஆகாது, உருண்டு விழுகிற எதிராளியும் ஆகாது. வலியை மறைக்காமல் சொல்லி, தன் பலத்துக்கு ஏற்றவனோடு மோதுகிறவனே மறுபடி நிலைத்து நிற்பான்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இன்றைக்கு வீட்டில் யாராவது "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேளுங்கள்.