ஒகினுவுக்கு ஒட்டாத சீட்டு

ஒரு ஊர்ல ஒரு வீடு. ராஜா இல்ல, ராணி இல்ல, வெறும் வீடு. நம்ம ஊர் இல்லடா தங்கம், ஜப்பான்ல, கடலோரத்து மீன்காரங்க குப்பத்துல. வீட்டுக்கு வயசு இருநூறு. மேல கனமான நாணல் கூரை, கீழ கூடத்து நடுவுல தரையைக் குழிச்சுப் போட்ட அடுப்பு. காலை என் வயித்து மேல போடாத, கேளு.

ம்.

அந்த வீட்டுல ஒகினுன்னு ஒரு அம்மா இருந்தா. புருஷனைக் கடல் கொண்டுபோயிடுச்சு, பிள்ளைகுட்டி இல்ல, வீடுதான் அவளுக்கு எல்லாம். விடிஞ்சதும் அடுப்பை மூட்டுவா, பொழுது சாயுற வரைக்கும் புகை. புகைக்கு மேல மத்தி மீனைக் கட்டித் தொங்கவிடுவா. வீடே நாறும். மூக்கைப் பொத்தாத, மத்தியானம் ரெண்டு துண்டு கருவாடு தின்னது யாரு?

அப்புறம் ஒரு நாள் பட்டணத்துலேர்ந்து நாகதோமின்னு ஒரு ஆபீசர் வந்தான். கையில வெள்ளைக் கையுறை, காலுறையில பெரிய ஓட்டை. சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "அடேங்கப்பா, எவ்வளவு பழசு! இந்த வீட்டைக் காப்பாத்தியாகணும்"னான்.

"யாருகிட்டேர்ந்துங்க ஐயா?"

"உங்ககிட்டேர்ந்துதாம்மா."

அப்போ பானைக்கு ஒரு சீட்டு ஒட்டுனான், அடுப்புக்கு ஒண்ணு, மூக்கு உடைஞ்ச கெண்டிக்குக்கூட ஒண்ணு. 'எண் இத்தனை. இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது.' ஒகினுவுக்கு மட்டும் ஒட்டல. அவளை நகர்த்தி, பின்னாடி வலை போடுற கொட்டாய்க்கு அனுப்பிட்டான். புகை வீட்டைக் கெடுத்துரும்னு அடுப்புல தண்ணியை ஊத்துனான். புஸ்ஸ்ஸ்!

ஒகினு கொட்டாய் வாசல்ல நின்னு தன் வீட்டையே பாத்து அழுதா. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு நேரா அவன்கிட்ட போனா. "ஐயா, புகைதான் கூரைக்கு உசுரு. புகை நின்னா பூச்சி வந்துரும்."

"நான் இதுக்குன்னே ஏழு வருஷம் படிச்சிருக்கேம்மா."

"பூச்சி படிக்கலையே ஐயா."

ம்... ம்.

சொன்ன மாதிரியே கூரையில கறுக் கறுக்குன்னு சத்தம். ஆபீசர் மருந்து அடிச்சான். ஹச்! ஹச்! மூணு நாள் அவன்தான் தும்முனான், பூச்சிங்க தும்மல. அப்புறம் பெரிய காத்தாடி கொண்டாந்து வெச்சான். சர்ர்ர்ர்! பாதி நாணல் பிச்சுக்கிட்டுக் கடலுக்குப் போச்சு, பூச்சிங்க மீதியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. மூணாவதா, ஊர் ஜனம் பாக்க வீட்டைத் தொறந்து வைக்க மேலதிகாரி வர்ற நாள் பாத்து, கூரைக்கு அடியில துணியைக் கட்டி மறைச்சான். அந்த மனுஷன் வந்து உக்காந்து டீயை எடுத்தாரு. துணி டர்ர்ருன்னு கிழிஞ்சுது. பொல பொல பொலன்னு பூச்சி! தலையில, சட்டையில, டீயில. அவரு ஏற்கெனவே ஒரு வாய் உறிஞ்சியாச்சு.

ஏய், தூங்கிட்டியா?

...ம்.

நாகதோமி ஓட்டைக் காலுறையோட கொட்டாய்க்கு ஓடுனான். "அம்மா, மன்னிச்சுக்கங்க. வந்து அடுப்பை மூட்டுங்க!"

"வர்றேன். ஊதுறது நீங்க."

ஃபூ... ஃபூ... அவனுக்குக் கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி ஊத்துது, வெள்ளைக் கையுறை கரிச்சட்டி ஆயிடுச்சு. புகை மேல ஏற ஏறப் பூச்சிங்க வழி தேடி ஓடிச்சு. ஒகினு மத்தியைச் சுட்டா. மேலதிகாரி பூச்சியை மறந்துட்டு நாலு மீன் தின்னாரு. அப்புறம் விரலை நக்கிக்கிட்டே, "இந்தம்மாவை யாருய்யா வெளிய அனுப்புனது?"ன்னாரு.

நாகதோமி தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒரு சீட்டை எடுத்து எழுதி, ரெண்டு கையாலயும் ஒகினுகிட்ட நீட்டுனான். 'எண் முன்னூத்திப் பன்னெண்டு. ஒகினு அம்மா. இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது.'

ஒகினுவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா யாரு, ஒகினுவாச்சே! சீட்டை நெத்தியில பொட்டு மாதிரி ஒட்டிக்கிட்டு, தன் அடுப்பு பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தா.

"ஐயா, அந்த மத்தி கருகுது பாருங்க. நீங்களே எழுந்து திருப்பிப் போடுங்க. என்னைத்தான் நகர்த்தக் கூடாதே!"

கதை கரை ஏறிடுச்சு. இனிமே உன்னையும் இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது, தூங்கு.