ஜமீன்தார் எண்ணிய தேனீக்கள்

விருந்தாளிகள் பார்த்து மெச்சட்டும் என்று, மாந்தோப்பில் இருந்த தேனீப் பெட்டிகளை ஜமீன்தார் மாளிகை வாசலுக்கு மாற்றினார். வெட்டவெளியில் பஞ்சுருட்டான் குருவிகள் பாய்ந்து பாய்ந்து தேனீக்களைப் பிடித்துத் தின்றன. பழி, பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் நாச்சாயி மேல் விழுந்தது.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு தேனீ குறைஞ்சாலும் உனக்கு வேலை கிடையாது!" என்று ஜமீன்தார் விருந்தாளிகள் முன்னால் அவளைப் பார்த்துக் கத்தினார்.

நாச்சாயி பணிவாகச் சொன்னாள்: "சரிங்க எசமான். இப்ப எத்தனை இருக்குன்னு எண்ணிக் குடுத்துருங்க."

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். வீம்புக்கு எண்ணப் பெட்டியைத் திறந்த ஜமீன்தார், நாலைந்து கொட்டு வாங்கி மாந்தோப்புக்குள் ஓடினார். நாச்சாயி பின்னாலேயே போய்க் கொடுக்கைப் பிடுங்கினாள்.

"இங்க ஒரு குருவியையும் காணோமே?" என்றார் அவர், வீங்கிய உதட்டோடு.

"இந்த அடர்த்திக்குள்ள அதுங்களால பாய்ஞ்சு பிடிக்க முடியாதுங்க. அதனாலதான் பெட்டிகளை இங்க வெச்சிருந்தேன்."

ஜமீன்தார் பெட்டிகளைத் தோப்புக்கே தூக்கிவர ஆள் அனுப்பினார். மாம்பூ பூத்தபோது தேனீக் கூட்டம் பெருகவே, நாச்சாயி புதிதாக இரண்டு பெட்டி வைத்தாள்.