வேலியோரப் பூசணி

கொன்றைப்பட்டுச் சிவன் கோயில் மடைப்பள்ளியில் காய்கறிக் கழிவை அள்ளித் தரை துடைப்பது தாண்டவரின் பணி. வேலை முடிந்ததும் சண்டிகேசுவரர் முன் நின்று, மெல்லக் கைதட்டி, இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். ஈசன் பொருள் எதையும் கொண்டுபோகவில்லை என்று எல்லோரும் செய்வதுதான். தாண்டவரோ இடுப்பு மடியையும் உதறிக் காட்டிய பிறகே வெளியேறுவார்.

"சண்டிகேசுவரருக்குக் கண்ணு மங்கிப்போச்சாடா? இன்னும் நல்லா உதறு!" என்று கோயில் மணியக்காரர் சிரிப்பார். தாண்டவரும் கூடவே சிரித்துக்கொள்வார்.

அவருக்கு இன்னொரு ஆனந்தம் வீட்டுக் கொல்லை. மாசிப் பனி விலகி, ஆற்றுக்காற்று இளவெயிலோடு வீசும் காலைகளில் மண்ணைக் கொத்தி வெண்டையும் கீரையும் விதைப்பார். ஒவ்வொரு குழிக்கும் ஒருமுறை ஐந்தெழுத்தை ஓதுவார்.

அந்த ஆண்டு இளவேனிலே நெருப்பாக இறங்கியது. கிணறு வற்றியது. வெண்டை கருகியது, கீரை மண்ணோடு மண்ணானது. கோயிலில் கொடுத்த அரிசியும் பாதியாயிற்று. மனைவி சொர்ணத்துக்குக் கைக்குழந்தைக்கு ஊட்டப் பால் சுரக்கவில்லை. வேலியோரத்தில் தானாக முளைத்த ஒரு பூசணி மட்டும் பச்சையாகப் படர்ந்து, ஒற்றைக் காய் தாங்கியது.

காய் முற்றியதும் சொர்ணம் பறித்துவந்து அரிவாள்மணையில் உட்கார்ந்தார். தாண்டவர் தற்செயலாக வேலியைப் பார்த்தார். அவருடைய கோயில் வேட்டி அலசிப்போட்ட ஈரத்தோடு பூசணியின் வேரில் சொட்டிக்கொண்டிருந்தது. வேட்டியின் பின்முனையில் ஒரு பூசணி விதை ஒட்டியிருந்தது.

"நிறுத்து சொர்ணம்! இது நாம போட்ட வெதையில்ல. மடைப்பள்ளியிலேருந்து என் வேட்டியில ஒட்டிக்கிட்டு வந்தது. சாமி சொத்து."

"ஏங்க, ஒத்தை வெதைங்க! சாமி இதையா தேடப் போறாரு?"

"அவரு தேடமாட்டாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"அப்ப இந்தப் பச்சப் புள்ளைக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

தாண்டவர் அழுகிற குழந்தையைப் பார்க்க முடியாமல், பூசணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

"ஊரே பஞ்சத்துல கெடக்கு, நீ சாமிக்குப் பூசணிக்கா தானம் பண்ண வந்துட்டியா? தூக்கிட்டுப் போடா!" என்று மணியக்காரர் விரட்டினார்.

கொடுக்கவும் முடியவில்லை. கொண்டுபோகவும் மனம் துணியவில்லை. சண்டிகேசுவரர் முன் பூசணியை இறக்கிவைத்து, கண்ணீர் வழிய, வழக்கம்போல் கைதட்டி விரித்தார்.

வலது உள்ளங்கையில் ஒரு விதை இருந்தது.

பதறி உதறினார். விழவில்லை. வேட்டியில் தேய்த்தார். போகவில்லை. "நான் எடுக்கல சாமி, நான் எடுக்கல!" என்று கதறினார்.

அலறல் கேட்டுக் குருக்கள் ஓடிவந்தார். அறுபடாத முழுப் பூசணியைப் பார்த்தார். ஈரமாக, புதிதாக மின்னிய விதையைப் பார்த்தார்.

"தாண்டவா, அது ஒட்டிண்டதில்லேப்பா. கொடுத்திருக்கார். மூடிக்கோ கையை."

மூடினார் தாண்டவர். பின்னால் நின்ற மணியக்காரர் பூசணியைத் தாமே மடைப்பள்ளிக்குச் சுமந்தார். நைவேத்தியமாகி முடிந்ததும், தூக்குச்சட்டி நிறையச் சொர்ணத்தின் கைக்கு அது வந்து சேர்ந்தது.

ஒற்றை விதைக்காக அழுத அந்தக் கைகளை நினைக்கும்போதே நம் கைகள் தாமாகக் குவிகின்றன.