ஊற்றிய கை, சொன்ன வாய்

மணப்பாறைக்கு மேற்கே ஒரு கத்தோலிக்கக் கோயில் பங்கில் இன்னாசிமுத்து, சாமியாருக்குத் துணையாக மறைப்பாடம் சொல்லும் உபதேசியாராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் முப்பது வருடம் பேருந்து நடத்துநர். வயது ஐம்பத்தொன்பது. அவருக்குப் பாடம் சொன்ன பங்குத்தந்தை பெலவேந்திரனுக்கு முப்பத்தெட்டு. வயது வித்தியாசம் பாராமல் இன்னாசிமுத்து அவரிடம் எல்லாவற்றையும் கேட்பார். கேட்டுக்கொண்டே இருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை காலைப் பாடம், அவசர ஞானஸ்நானம். குழந்தை பிழைக்காது, குருவும் பக்கத்தில் இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெலவேந்திரன் ஒரு பொம்மையின் தலையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார்.

"ஊத்துறவங்களேதான் வார்த்தையையும் சொல்லணும். ஒருத்தர் ஊத்தி இன்னொருத்தர் சொன்னா ஞானஸ்நானம் ஆகாது."

எழுதிக்கொண்டிருந்த இன்னாசிமுத்துவின் பேனா நின்றது.

"ஆகாதா சாமி?"

"ஆகாது."

"அவசரத்துலகூடவா?"

"அவசரத்துலகூட."

இன்னாசிமுத்து எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்து விழுந்தது.

"சாமி, எம் மக பவுலினுக்கு நாளைக்குப் பத்து மணிக்குக் கல்யாணம்."

"நான்தானே பூசை வைக்கிறேன்."

"அவ ஞானஸ்நானமே வாங்கலை சாமி."

மூச்சிரைக்கச் சொன்னார். இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலம். ஏழாம் மாதத்தில் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்துவிட்டது. மதியம்வரை தாங்காது என்றார் டாக்டர். தரைப்பாலத்தில் வெள்ளம் போனதால் சாமியாரால் வர முடியவில்லை.

"டம்ளர்ல தண்ணி எடுத்து நான் ஊத்தினேன். வார்த்தை வரலை, தொண்டை அடைச்சிருச்சு. கட்டில்ல கிடந்த எம் பொண்டாட்டி அமலோற்பவந்தான் சொன்னா. பெறகு கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனப்போ, தண்ணி ஊத்தியாச்சான்னு பெரிய சாமியார் கேட்டாரு. ஊத்தியாச்சுன்னேன். எண்ணெய் பூசி, மிச்ச செபத்தை மட்டும் முடிச்சாரு."

பெலவேந்திரன் எழுந்தார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"ஏறுங்க."

"ஞானஸ்நானம் வாங்காதவளுக்குக் கல்யாணம்னா அனுமதி கேட்டு ஆயருக்கு எழுதணுமே சாமி."

"ஏறுங்க."

வழி நெடுக இன்னாசிமுத்து அவர் காதருகே பேசிக்கொண்டே வந்தார். அப்படியென்றால் அதற்குப் பின் அவள் வாங்கிய மற்றத் திருச்சடங்குகள் செல்லுமா? புதுநன்மை? உறுதிப்பூசுதல்? மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது? பெலவேந்திரன் இரண்டு முறை ஹாரன் அடித்தார். எதிரில் யாரும் இல்லை.

வீட்டு வாசலில் பந்தல்காரர்கள் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். அமலோற்பவம் கொல்லைப்புறத்தில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். இன்னாசிமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அடுப்பைத் தணித்தாள். எண்ணெயில் கிடந்ததை எடுத்து வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"அவர் ஊத்தினது செல்லாதுங்களா சாமி?"

"அவர் ஊத்தி நீங்க சொன்னது செல்லாதும்மா."

"செல்லாட்டி பரவாயில்லைங்க."

"என்னடி சொல்ற?" என்றார் இன்னாசிமுத்து.

"நீங்க ஊத்துன தண்ணி பிள்ளை மேல விழவே இல்லை. கை அந்த நடுக்கம் நடுங்குச்சு. எல்லாம் துணியில போச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பாக்கறேன்னு நீங்க வெளியில ஓடுனீங்க. மிச்சத் தண்ணிய நான் அவ தலையில ஊத்தினேன். வார்த்தையையும் மறுபடி நானே சொன்னேன்."

"என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க," என்றார் பெலவேந்திரன்.

அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். "கண்ணு, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

"பேரே சொல்லலையே," என்று இன்னாசிமுத்து பதறினார். "சாமி, கண்ணுன்னுல்ல சொல்லியிருக்கா."

"பேர் சொல்லாட்டியும் செல்லும். தண்ணி தலையில ஓடுச்சாம்மா?"

"கழுத்துவரைக்கும் ஓடுச்சுங்க. சிலிர்த்துச்சு. அப்பத்தான் மொத மொத அழுதா."

"அது போதும். நாளைக்குப் பத்து மணிக்குக் கல்யாணம்."

சத்தம் கேட்டு பவுலின் வந்து நின்றாள். இரண்டு கையிலும் ஈர மருதாணி. "நான் ஏதாச்சும் செய்யணுமா சாமி?"

"அதைக் காய விடும்மா."

அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். இன்னாசிமுத்து சிரிக்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு வருசமா ஏன் சொல்லலை?"

"வண்டியோட வந்தீங்க. எம் மகளுக்கு நான் ஞானஸ்நானம் குடுத்துட்டேன்னு டாக்டர்கிட்ட, டிரைவர்கிட்ட, வார்டுல இருந்த எல்லார்கிட்டயும் சொன்னீங்க. அதைச் சொல்லும்போதுதான் உங்க மூஞ்சியில உயிர் வந்துச்சு. நான் எப்படிச் சொல்லுவேன்?"

இன்னாசிமுத்து பெலவேந்திரனின் கையைப் பிடித்தார்.

"சாமி, ஒரு வழி இருக்கே. சந்தேகம் வந்தா நிபந்தனையோட மறுபடி குடுக்கலாமே. நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. 'நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்'னு ஆரம்பிக்கணும். வார்த்தை பூரா எனக்கு மனப்பாடம். இப்ப நானே ஊத்துறேன், நானே சொல்றேன். கை நடுங்காது, பாருங்க."

கையை நீட்டிக் காட்டினார்.

"யாருக்குச் சந்தேகம்?" என்றார் பெலவேந்திரன்.

"அவளுக்காகத்தான் சாமி. எம் மகளுக்குக் குறை இருக்கக் கூடாதுல்ல."

பெலவேந்திரன் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். அமலோற்பவம் தட்டிலிருந்து ஓர் அதிரசத்தை எடுத்து இலைத்துண்டில் வைத்துக் கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"உங்க மக அன்னைக்கே வாங்கிட்டா, உபதேசியாரே," என்றார் பெலவேந்திரன். "இன்னும் வாங்கிக்காம நிக்கிறது நீங்கதான்."