ஜெசிந்தாபுரியின் அரிசி மலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொய் சொல்ல வராது. கான்வென்டில் பொய் சொன்னால் முட்டி போடச் சொல்வார்கள். எனக்கு அப்போதே முட்டி வலி.

எங்கள் அடுக்குமாடியில் பதினெட்டு வீடு. தண்ணீர் சாயங்காலம் ஐந்தரைக்கு வரும், ஆறரைக்கு நிற்கும். செகரட்டரி தமயந்தி போட்ட சட்டம். சட்டப்படி ஒரு மணி நேரம். நிஜத்தில் எல்லா வீட்டிலும் டிரம், குடம், இட்லிப் பானை வரை நிரப்பி, இருபதாவது நிமிஷம் டேங்க் காலி. நாள் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும் என்று கார் பார்க்கிங்கில் நான்தான் கூட்டம் கூட்டினேன்.

"திறந்தே வெச்சா ஆளாளுக்கு அள்ளிட்டுப் போயிடுவாங்க, ஜெசிந்தா," என்றார் தமயந்தி. முப்பது வருஷம் பாங்கில் இருந்தவர்; கையெழுத்து இல்லாமல் சூரியனையே நம்பமாட்டார்.

"அள்ள மாட்டாங்க மேடம். நான் ஒரு நாட்டையே ஆண்டு பார்த்தவ."

"எந்த நாடுக்கா?" என்றாள் இரண்டாவது மாடி நூர்ஜஹான்.

"ஜெசிந்தாபுரி. போன்ல."

சிரித்தார்கள். சிரிக்கட்டும், ஆட்சியில் இருந்தவளுக்கு இதெல்லாம் பழக்கம்.

"அந்த விளையாட்டுல மாசம் ஒண்ணாந்தேதி மட்டும்தான் அரிசிக் கிடங்கு திறக்கும். ஜனங்க வேலையை விட்டுட்டு வரிசையில நிப்பாங்க. வேலை நடக்கலன்னா வரி வராது. வரி வரலன்னா அரிசி வாங்க முடியாது. நல்லவளா இருந்து பார்த்தேன், கெட்டவளா இருந்து பார்த்தேன். ரெண்டுக்கும் ஜனங்களோட சந்தோஷப் புள்ளி நூத்துக்குப் பன்னெண்டுதான். ஆள்றது யாருன்னு அதுக்குக் கவலையில்ல, சட்டம் என்னன்னுதான் பார்க்கும். நான் கிடங்குக் கதவையே கழட்டிட்டேன்."

"அள்ளியிருப்பாங்களே!" என்றார் தமயந்தி.

"முதல் நாள் அள்ளினாங்க. ரெண்டாம் நாள் பாதிப் பேர். மூணாம் நாள், நாளைக்கும் இருக்கும்னு தெரிஞ்சதும் ஒருத்தரும் வரல. வாரக் கடைசியில, வீட்ல வண்டு வைக்குதுன்னு திருப்பிக் கொண்டாந்து கொட்டினாங்க."

தமயந்தியே தலையாட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் உண்மையைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

"முன்ன வரிசையில வீணாப் போன நேரத்துல இப்ப எல்லாரும் நாத்து நட்டாங்க. அரிசி குவிஞ்சு மலையாச்சு. வர்ற மேகமெல்லாம் அதுல முட்டி அங்கேயே பெய்ஞ்சுது. பக்கத்து நாட்டுக்கு மழையே இல்ல."

"மலை எவ்வளவு உசரமோ?" என்றார் தமயந்தி.

"உச்சிக்குப் போனவன் குளிருதுன்னு கம்பளி கேட்டான்."

"நனைஞ்ச அரிசி என்னக்கா ஆச்சு?"

"சூரியனுக்குப் பக்கமா, வெந்து போச்சு. ஒரு பக்கம் சோறாவே சரிஞ்சு வந்துச்சு. அடிவாரத்துல ஜனங்க ரசத்தோட உட்கார்ந்திருந்தாங்க."

"இப்பத்தானே குளிருதுன்னீங்க?"

"மேற்குப் பக்கம் குளிர், கிழக்குப் பக்கம் வெயில். ஜியாக்ரஃபி ஒழுங்கா படிச்சிருந்தா தெரியும்."

நூர்ஜஹான் கிழக்கு எது என்று திரும்பிப் பார்த்தாள்.

"மழை கேட்டுப் பக்கத்து நாடு பீரங்கியோட வந்துச்சு. என்கிட்ட ராணுவமே இல்ல. ஒரு சிப்பாய் வெச்சா ரெண்டு புள்ளி குறையும். அதனால எல்லைக் கதவையும் கழட்டினேன். வந்தவங்க சாப்பிட்டாங்க, குடும்பத்தைக் கூட்டிட்டு வரோம்னு போனாங்க. எட்டே நாள்ல அந்த நாட்டுல ராஜா மட்டும்தான் மிச்சம். ஒன்பதாம் நாள் அவரும் ஒரு தட்டோட வந்தார்."

"உட்கார வெச்சீங்களா?"

"கடைசிப் பந்தியில. புள்ளி நூத்தி நாப்பது ஆச்சு. நூத்துக்கு மேல அந்த விளையாட்டுல எண்ணே கிடையாது. குறை சொல்ல ஒண்ணுமில்லாம ஜனங்களுக்குத் தூக்கம் வரல. வெளிநாட்டுல இருந்து நாலு குறையை இறக்குமதி பண்ணிக் கொடுத்தேன்."

"இத்தனையும் போன் தாங்குச்சா?" என்றார் தமயந்தி.

"நாலு கிலோ கனம் மேடம். எங்க வீட்டுக்காரர் பாக்கெட்ல வெச்சார், சட்டை கிழிஞ்சு வேட்டி வரைக்கும் போச்சு. சார்ஜ் போடற ஓட்டையில இருந்து அரிசி உதிருது. ரெண்டு மாசமா நாங்க கடையில அரிசி வாங்கல."

நேரம் பார்த்து, "நாள் பூரா தண்ணி வேணுங்கறவங்க கை தூக்குங்க," என்றேன்.

பத்துக் கை வேண்டும். ஒன்பது எழுந்துவிட்டது. நூர்ஜஹானின் கை தோள் வரை வந்திருந்தது.

அப்போது மணி ஐந்தரை. வாட்ச்மேன் வால்வைத் திறந்தார். சுவருக்குள் குழாய் கொரகொரவென்றது.

ஒன்பது கையும் இறங்கின. நாற்காலிகள் கவிழ்ந்தன. யார் முதலில் ஓடியது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் முதல் மாடித் திருப்பத்தில் இருந்தேன்.

முழுப் படியையும் அடைத்துக்கொண்டு நான் ஏற, பின்னாலிருந்து தமயந்தி, மூச்சுக்கூட வாங்காமல்:

"ஜெசிந்தா, கொஞ்சம் ஒதுங்குங்க. ஜனங்க வராங்க."