திருப்பி அனுப்பக் கூடாத பந்து

ஆவரங்காட்டு மகாராஜா தாம் கட்டிய கல்லூரியில் முதன்முதலாக டென்னிஸ் பார்க்க வந்தார். அன்று கொடுக்கூர் கல்லூரியோடு ஆட்டம். பத்து நிமிஷம் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அந்தப் பந்து யாருடையது?"

"அரண்மனைப் பணத்தில் வாங்கியது, மகாராஜா," என்றார் திவான். தம் மைத்துனரைப் பயிற்சியாளராக்க வெகுநாளாகக் காத்திருந்தவர் அவர்.

"பிறகு ஏன் நம் பையன்கள் அதைக் கொடுக்கூர்க்காரனுக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்?"

திவான் பெருமூச்சு விட்டார். "பயிற்சியாளர் ஞானாபரணம் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்."

அன்றே உத்தரவு பிறந்தது. நம் பந்து எதிரிப் பக்கம் போகக் கூடாது. பட்டியலில் இருந்த ஆறு மாணவர்களின் பெயரை அடித்துவிட்டு, ஆறு அரண்மனைப் பயில்வான்களின் பெயரை எழுதினார்கள். வருகிற பந்தைப் பிடித்து மடியில் கட்டிக்கொள்வது அவர்கள் வேலை. அடுத்த மாதம் கோப்பை ஆட்டத்தில் தோற்றால் ஞானாபரணம் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அவர் பூங்காவனத்திடம் ஓடினார். மகாராஜாவுக்குக் கடிதங்களை வாசித்துக் காட்டுகிறவள் அவள்.

"பயில்வான்கள் நன்றாகத்தான் பிடிக்கிறார்கள், அம்மா. நேற்று மட்டும் நாற்பது பந்து. ஒரு பாயிண்ட்கூட வரவில்லை."

பூங்காவனத்துக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எதிர்த்துப் பேசினால் மகாராஜா இன்னும் முறுக்கிக்கொள்வார் என்பது அவளுக்குத் தெரியும்.

"கோப்பை ஆட்டத்துக்குப் பந்து யார் கொண்டுவருவது?" என்று கேட்டாள்.

"நாம்தான்."

"வேண்டாம். கொடுக்கூர்க்காரர்களையே கொண்டுவரச் சொல்லி எழுதுங்கள். உங்கள் ஆறு பையன்களையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள்."

ஆட்ட நாள் வந்தது. பயில்வான் முதல் பந்தைப் பிடித்து மடியில் முடிந்தார். பூங்காவனம் மகாராஜா பக்கம் குனிந்தாள்.

"அது கொடுக்கூர் ராஜா காசு கொடுத்து வாங்கிய பந்து, மகாராஜா. நம் ஆள் மடியில் கட்டிக்கொண்டாரே. பந்துக்குக்கூட வக்கில்லாத சமஸ்தானம் என்று நாளைக்கு அங்கே பேசமாட்டார்களா?"

மகாராஜா எழுந்தே விட்டார். "அவன் பொருள் எதுவும் நமக்கு வேண்டாம். வந்த வேகத்தில் திருப்பி அனுப்பு. நம் மண்ணில் இரண்டு தடவை படக் கூடாது."

"பயில்வான்களுக்குப் பிடிக்கத்தானே தெரியும், மகாராஜா."

"அனுப்பத் தெரிந்தவனைக் கூப்பிடு."

ஆறு பையன்களும் ஏற்கெனவே ஷூ மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

சாயங்காலத்துக்குள் ஆவரங்காடு ஜெயித்தது. கொடுக்கூர் ராஜாவே வந்து வெள்ளிக் கோப்பையை நீட்டினார். மகாராஜா தம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவன் பொருள் வேண்டாம் என்றேனே. என்ன இது?" என்று ஞானாபரணத்தின் காதோடு கேட்டார்.

"கப், மகாராஜா."

மகாராஜா அதையும் திருப்பி அடிக்க மட்டையைக் கேட்டுக் கை நீட்டினார். பூங்காவனம் முந்திக்கொண்டாள்.

"வாத்தியார் பாதியில் நிறுத்திவிட்டார், மகாராஜா. அது கப்பம்."

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஞானாபரணத்தைப் பார்த்தார்.

"வருஷா வருஷம் தவறாமல் வசூல் பண்ணிவிடும், வாத்தியாரே."