தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிய மூவர்

தாய்லாந்தில் கடலை ஒட்டிய பான்தாலே என்கிற ஊரில், பதினான்காம் சந்தின் கடைசி வீட்டில் மூன்று புத்திசாலிகள் குடியிருந்தார்கள். அவர்கள் புத்திசாலிகள் என்பதற்கு அவர்களே சாட்சி. வேறு சாட்சி கிடைக்கவில்லை.

மூவரும் நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். மீன்வலை பின்னும் மிஷினைக் கழற்றி மாட்டுவதில் கெட்டிக்காரர்கள் என்று பான்தாலேயின் வலைத் தொழிற்சாலை ஒன்று இவர்களை வரவழைத்திருந்தது. மிஷின் சொன்னபடி கேட்டது. மனிதர்களைக் கழற்றிப் பார்க்க ஸ்பேனர் இல்லாததால்தான் தொல்லையெல்லாம் வந்தது.

மூத்தவர் தாணுலிங்கம். சகுனம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த ஊர்ப் பல்லி ஒரு முழ நீளம் இருக்கும், "தொக்கே, தொக்கே" என்று கத்தும். அதற்கான பலன் பஞ்சாங்கத்தில் இல்லை. அந்தக் கவலையில் அவர் முதல் வாரம் முழுக்கத் தூங்கவில்லை.

அடுத்தவர் ஞானசிகாமணி. "எனக்கு இந்தச் சகுனத்துல எல்லாம் நம்பிக்கை கிடையாது, கேட்டியளா? ஆனா எதுக்கு வம்பு?" என்பார். எதைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

மூன்றாமவன் செண்பகராமன். வயது முப்பத்தாறு. பதினோரு வரன் தட்டிப்போய், பன்னிரண்டாவதாகத் தக்கலையில் ஒரு பெண் அமைந்திருந்தாள். பெயர் சுபத்திரா, பள்ளிக்கூட டீச்சர். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. அவளுக்கு இவனை எப்படிப் பிடித்தது என்று ஊரில் கேட்டார்கள். ஆறு வருஷமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவள், பொறுமை அதிகம், அவ்வளவுதான். அவள் அப்பா மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "மாப்பிள்ளைக்கு அங்க இன்னும் ஒரு வருஷம் இருக்க அனுமதி கிடைக்கட்டும். பாஸ்போர்ட்ல முத்திரை விழுந்ததைப் படம் புடிச்சு அனுப்பட்டும். அப்புறம் பத்திரிகை அடிப்போம்."

அன்று முதல் செண்பகராமனுக்கு அந்த முத்திரையை விட்டால் வேறு சாமி கிடையாது.

இனி அந்தச் சந்தின் கதைக்கு வருவோம். வேலைக்குப் போகத் தொல்லை இல்லை. ஊர் விழிக்கும் முன்பே கம்பெனி வேன் வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். தொல்லை ஞாயிற்றுக்கிழமையில்தான்.

வந்த முதல் ஞாயிறு, கடைத்தெருவைப் பார்க்கலாம் என்று மூவரும் வேட்டி மடிப்புக் கலையாமல் கிளம்பினார்கள். எதிர்வீட்டு வாசலில் லம்டுவன் அத்தை கரி அடுப்பில் கோழி சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவளை அந்தச் சந்தே அத்தை என்றுதான் கூப்பிடும். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பை நை?" என்றாள்.

தொழிற்சாலையில் நாலு வார்த்தை கற்றிருந்தார்கள். பை என்றால் போவது. நை என்றால் எங்கே.

தாணுலிங்கம் பாம்பை மிதித்தவர் போல நின்றார். "லேய், கெளம்பும்போதே எங்க போறீங்கன்னு கேட்டுட்டாலே இந்தப் பொம்பள!"

"இப்ப என்ன செய்ய அண்ணாச்சி?"

"என்ன செய்யுகது? திரும்பிப் போயி, உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பொறப்படணும்."

திரும்பினார்கள். உட்கார்ந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். கிளம்பினார்கள். லம்டுவன் அத்தை மரியாதை தெரிந்தவள். திரும்ப வருகிற ஆளைத் திரும்பவும் விசாரிக்க வேண்டாமா? "பை நை?" என்றாள்.

நாலாவது தடவை கிளம்பும்போது ஆளுக்கு நாலு செம்பு தண்ணீர் உள்ளே போயிருந்தது. அதனால் அவர்கள் அவசரமாக வீட்டுக்குள் ஓட வேண்டியதாயிற்று, இந்தத் தடவை யாரும் எதுவும் கேட்காமலே.

இப்படியே பதினோரு ஞாயிறு போயிற்று. அரிசியும் காய்கறியும் வேன் டிரைவர் வாங்கித் தந்தார். சந்து ஜனங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்: பாவம், வாரா வாரம் வாசல்வரை வந்து நாலு தடவை திரும்பிப் போகிறார்கள், அவர்கள் மதத்தில் ஏதோ விரதம் போலிருக்கிறது. லம்டுவன் அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்து, போனதும் எதை மறந்தோம் என்பதை மறந்துவிடுகிறார்கள் என்பது அவள் கட்சி. உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் போனவள் அவள்தான்.

போனில் செண்பகராமன் இதைச் சுபத்திராவிடம் சொன்னான்.

"ஐயோ, அது அவங்க வணக்கம் சொல்லுத மாதிரிங்க," என்றாள் அவள். "பதில்கூட வேண்டாம். சிரிச்சிட்டுப் போய்க்கிட்டே இருங்க. நாம 'சாப்பிட்டாச்சா'ன்னு கேக்கலியா? கேட்டவங்க சோறா போடுதாங்க?"

அவன் அதை அப்படியே தாணுலிங்கத்திடம் ஒப்பித்தான்.

"கேட்டா சோறு போடணும்லா?" என்றார் அவர். "போடாம விட்டது நம்ம ஊர்க்காரன் தப்பு. அதுக்காக இவ கேட்டது வணக்கம்னு ஆயிருமா?"



முத்திரை குத்தும் நாள் வந்தது. தொழிற்சாலை அலுவலகத்தில் வாரீ என்கிற பெண் இவர்களுடைய காகிதங்களைப் பார்ப்பவள். உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினாள்.

"வெள்ளிக்கிழமையோடு உங்கள் அனுமதி முடிகிறது. அன்று வேன் கிடையாது. நாலரை மணிக்குள் குடியேற்ற அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். சந்தை விட்டு வெளியே வந்து இடது பக்கம் பத்து நிமிஷ நடை. பாஸ்போர்ட்டை ஒரு பக்கம் விடாமல் ஜெராக்ஸ் எடுத்து, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். அங்கே அதிகம் பேச வேண்டாம். சிரித்த முகமாக இருங்கள்."

வீட்டுக்கு வந்து மூவரும் ஆலோசித்தார்கள்.

"வெத்துப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்தா என்ன வரும்?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

"வெத்துத் தாளு வரும்."

"வெத்துத் தாளு நம்மகிட்டயே ஒரு கட்டு கெடக்கே?"

அவருடைய அறிவை மற்ற இருவரும் மெச்சினார்கள். அன்று சாயங்காலம் உட்கார்ந்து தொண்ணூறு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். காதில் விழாவிட்டால் கேட்டதாகக் கணக்கில்லை அல்லவா? திட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் வேலை செய்கிறதா என்று பார்க்க, தாணுலிங்கம் லம்டுவன் அத்தைக்கு நேராக நின்று பஞ்சை எடுத்தார்.

"பை நை?"

திரும்பினார்கள்.

பத்து மணிக்கு ஞானசிகாமணி இன்னொரு வழி சொன்னார். அவள் கேட்பதற்கு முன்பே நாம் கேட்டுவிடுவது. செண்பகராமன் ஓடிப்போய் அவள் முன்னால் நின்று, "பை நை?" என்று கத்தினான். அவள் எங்கும் போகவில்லை என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாக, "நீங்கள் பை நை?" என்றாள்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. அவள் கிளம்பும் நேரமாக இருந்திருந்தால், இவர்கள் கேட்டு அவளுக்குத் தடை போட்ட பாவம் வரும். ஆகவே ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து, அவளை உட்கார்த்தி, குடிக்கச் சொல்லி மூவரும் சுற்றி நின்றார்கள். அந்த ஊரில் தர்மசங்கடத்துக்கும் சிரிப்புதான் பதில். அவள் சிரித்தபடியே முழுச் செம்பையும் குடித்தாள்.

ஒரு மணிக்கு மேல் செண்பகராமன் நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்க்க ஆரம்பித்தான். பன்னிரண்டாவது வரனும் கண்ணெதிரே கரைகிறது. பயத்தில் அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு யோசனை வந்தது.

"அண்ணாச்சி, போறவனப் பாத்தாத்தான எங்க போறன்னு கேப்பாங்க? வாறவனப் பாத்தா?"

"எங்கேருந்து வாறன்னு கேப்பாங்க. அதுல தோஷமில்ல."

"அப்போ நாம வீட்டப் பாத்தபடியே, பின்னால நடந்து போவோம். பாக்குறவங்களுக்கு வீட்டுக்கு வாற மாதிரிதான இருக்கும்?"

தாணுலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "லேய், இத்தன நாளும் இந்த மூளைய எங்கல வச்சிருந்த?"

சவரக் கண்ணாடியைச் செண்பகராமன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான், பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க. மூவரும் கைகோத்து, வீட்டைப் பார்த்தபடி, முதுகுப்பக்கமாக நடந்தார்கள். லம்டுவன் அத்தை விசிறியைக் கீழே வைத்தாள். அவர்கள் முகம் தன்னைக் கடந்து பின்வாங்குவதைப் பார்த்தாள். வெகுநேரம் யோசித்து, தயக்கத்தோடு, "பை நை மா?" என்றாள். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று அர்த்தம்.

"நாகர்கோவில்! நாகர்கோவில்!" என்று மூவரும் ஆனந்தமாகக் கத்தினார்கள்.

பத்து நிமிஷ நடை இரண்டு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடியில் இடது வலதாகத் தெரிந்ததால் முதலில் மீன் மார்க்கெட்டுக்குள் போனார்கள். ஒரு கொய்யாப்பழ வண்டி சாய்ந்தது. வண்டிக்காரன் சிரித்தான். அது எந்தச் சிரிப்பு என்று தெரியாமல் இவர்களும் சிரித்துவைத்தார்கள். மூன்று நாய்கள் கூடவே வந்தன. அவற்றுக்கும் பின்வாங்குகிறவனைத் துரத்திப் பழக்கமே ஒழிய, பின்வாங்கிக்கொண்டே முன்னேறுகிறவனை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மூன்றே முக்காலுக்கு அலுவலக வாசலை அடைந்தார்கள். காவலாளி, வேலை முடிந்து வெளியே போகிறவர்கள் என்று நினைத்து வணங்கி விடைகொடுத்தார்.

கவுன்டரில் இருந்த அதிகாரி ஒரு பெண்மணி. பெயரைக் கேட்டாள். அதிகம் பேச வேண்டாம் என்று வாரீ சொல்லியிருந்ததால் மூவரும் சிரித்தார்கள். தொழிற்சாலை பெயரைக் கேட்டாள். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். தொண்ணூறு வெள்ளைத் தாளை ஒவ்வொன்றாகப் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தானே ஜெராக்ஸ் எடுத்து, மூன்று பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்தினாள். அவளுக்கு வீட்டுக்குப் போகும் நேரம்.

செண்பகராமன் முத்திரையைப் பார்த்தான். ஊதா மை இன்னும் காயவில்லை. நெஞ்சில் இத்தனை மாதமாக இருந்த கல் நகர்ந்தது. படம் பிடிக்கப் போனை எடுத்தான்.

அதிகாரி பெரிய மனது பண்ணி, எழுந்து போகப் பார்த்தவர்களிடம் அன்பாகக் கேட்டாள். "பை நை?"

போனைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"அண்ணாச்சி," என்று செண்பகராமன் கெஞ்சினான், "நமக்குக் காதுல விழலன்னு வச்சுக்கிடலாமா?"

"எனக்கு விழுந்துட்டே! தடை விழுந்த முத்திரைய நம்பித் தாலி கட்டுவியா? யோசி."

செண்பகராமன் ஞானசிகாமணியைப் பார்த்தான்.

"எனக்கு நம்பிக்கை கிடையாது," என்றார் அவர். "ஆனா எதுக்கு வம்பு?"

தாணுலிங்கம் மூன்று பாஸ்போர்ட்டையும் கவுன்டரில் திருப்பி வைத்தார். "மேடம், கேன்சல் ப்ளீஸ். பேட் டைம். வீ கோ ஹவுஸ், டிரிங் வாட்டர், கம்."

முத்திரை கேட்டு அழுதவர்களை அந்த அம்மாள் பார்த்திருக்கிறாள். குத்தியதை அழிக்கச் சொல்லி அழுதவர்களைப் பார்த்ததில்லை. உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டாள். அவர் எட்டிப் பார்த்து, "மை பென் ராய்," என்றார். பரவாயில்லை, விடு, என்று பொருள். முத்திரைமேல் சிவப்பாக இரண்டு கோடு விழுந்தது.

மூவரும் வீட்டுக்கு ஓடி, தண்ணீர் குடித்து, திரும்ப ஓடிவந்தார்கள். லம்டுவன் அத்தை கடையைக் கட்டியிருந்தாள். வழியில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சகுனம் சுத்தமாக இருந்தது. அலுவலகம்தான் பூட்டியிருந்தது.

அனுமதி முடிந்துபோனதால் திங்கட்கிழமை அவர்களை ஊருக்குப் போகச் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோரும் சிரித்த முகமாகத்தான் சொன்னார்கள். செண்பகராமன் அன்று சாப்பிடவில்லை. தெரு முழுக்கக் கேட்க அழுதான். போனில் சுபத்திரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வைத்தாள், ராத்திரி திரும்பக் கூப்பிட்டாள்.

"அப்பாகிட்ட நான் பேசிட்டேன்," என்றாள். "பதினெட்டாம் தேதி நிச்சயதார்த்தம். நீங்க நேரா வந்து சேந்தாப் போதும். வழியில யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க."

"தொறக்கல," என்றான் செண்பகராமன். அதோடு வாயை மூடிக்கொண்டான். 'வச்சிரட்டுமா' என்றுகூடச் சொல்லவில்லை.

பதினேழாம் தேதி ஒரு போலீஸ்காரர் அவர்களை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார். பெட்டி போடும் இடத்திலிருந்த பெண், அவள் கடமைப்படி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். மூவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த வரிசையிலும் அதையே கேட்டார்கள். காலை விமானம் போய்விட்டது. மத்தியான விமானமும் போயிற்று. போலீஸ்காரர் பொறுமைசாலி. மூன்றாவது விமானத்துக்கு அவரே ஒவ்வொரு கவுன்டராகப் போய்க் கும்பிட்டுச் சொல்லிவைத்தார்: தயவுசெய்து இந்த மூவரையும் யாரும் எதுவும் கேட்காதீர்கள். கேட்கவில்லை. மூவரும் மந்திரிகள் போலக் கடந்துபோனார்கள். விமானம் மேலே ஏறியதும் போலீஸ்காரர் கீழே ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. சாப்பாடு வந்தது. செண்பகராமன் வாயைத் திறக்காததால் சாப்பிடவில்லை. மனசில் மாலை மாற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்வரிசையில் ஒரு திருச்சிக்காரர், சுற்றுலா முடித்துத் திரும்புகிறவர், நல்ல மனிதர். அந்த விமானத்தில் எல்லோரும் சென்னைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் நம் முகத்தைப் பார்த்தால் பேசத் தோன்றாதா? அவர் திரும்பி, பச்சைத் தமிழில் கேட்டார்.

"எங்கண்ணே போறீங்க?"

தாணுலிங்கம் இடுப்புப் பட்டையைக் கழற்றினார். ஞானசிகாமணியும் கழற்றினார். விமானப் பணிப்பெண்ணைக் கைகாட்டி அழைத்து, தாணுலிங்கம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அம்மா, வண்டியக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க. ரொம்ப தூரம் வந்துரல. வாசல்ல எறக்கிவிட்டாப் போதும், ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஓடியாந்துருவோம்."

அந்தப் பெண் இருவரையும் இடுப்புப் பட்டையை மாட்டச் சொன்னாள். செண்பகராமனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. நாளைக்கு நிச்சயதார்த்தம். கொடுத்த வாக்கையும் மீறி வாயைத் திறந்தான்.

"இஞ்சின ஆஃப் பண்ண வேண்டாம்னு டிரைவர்கிட்ட சொல்லுங்க," என்றான். "அஞ்சே நிமிசம்."